டேப்பட் சத்தம்: எப்போது விட்டுவைக்கலாம், எப்போது கை வைக்க வேண்டும்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, காசிமேடு, கொடுங்கையூர் பக்கம் பழைய மாருதி 800, ஆம்னி வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மாருதி 800 தயாரிப்பு 2014இல் நின்றுபோனது. வண்டிகள் நிற்கவில்லை. ஸ்கூல் டிரிப், மீன் பெட்டி, கேட்டரிங் பாத்திரம் என்று ஏதோ ஒரு வேலையில் இருக்கின்றன. இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களிடம் மெக்கானிக் அடிக்கடி சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "இன்னா சார், தையல் மெஷினாட்டம் சத்தம் வருது? டேப்பட்ட கொஞ்சம் டைட் வெச்சுரட்டா?"

டேப்பட் என்று இங்கே சொல்வது, எஞ்சின் வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளியை. டைட் வைத்துவிடுவார்கள். சத்தம் நின்றுவிடும். கொடுத்த காசுக்கு வேலை நடந்த திருப்தியும் கிடைக்கும். சில மாதம் கழித்துக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், ஐட்லிங்கில் ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கும், மேம்பாலம் ஏறும்போது பிக்கப் இருக்காது. எஞ்சினின் மேல் பாகமான சிலிண்டர் ஹெட்டை இறக்கிப் பார்த்தால் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு ஒரு பக்கம் கருகித் தேய்ந்திருக்கும். சத்தத்தை நிறுத்தியதற்கும் வால்வு கருகியதற்கும் என்ன தொடர்பு என்பது பலருக்கும் புரிவதில்லை. அதைப் புரிந்துகொண்டால், டேப்பட் செட்டிங்கை வாசலில் வைத்து நாமே செய்யலாமா கூடாதா என்பதையும் முடிவு செய்துகொள்ளலாம்.

கேப் என்பது எங்கே இருக்கிறது

ஒவ்வொரு சிலிண்டருக்கும் குறைந்தது இரண்டு வால்வு. பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே வர இன்டேக் வால்வு, எரிந்த புகை வெளியே போக எக்ஸாஸ்ட் வால்வு. வால்வை மூடி வைத்திருப்பது ஸ்ப்ரிங். திறப்பது கேம் ஷாஃப்ட்டில் இருக்கும் மேடு. மாருதி 800இன் 796 சிசி எஞ்சின் போன்றவற்றில் இந்த மேடு நேராக வால்வைத் தொடாது. நடுவில் ராக்கர் ஆர்ம் என்கிற சிறு நெம்புகோல் இருக்கிறது. அதன் ஒரு முனையைக் கேம் தூக்கும், மறுமுனை வால்வின் தலையில் அழுத்தும்.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை, திறந்து மூடுகிறது.

வால்வு முழுதாக மூடியிருக்கும் நேரத்தில் ராக்கர் முனைக்கும் வால்வு தலைக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்க வேண்டும். இதைத்தான் டேப்பட் கேப் என்கிறோம். பழைய சுசூகி எஞ்சின்களில் இது குளிர்ந்த நிலையில் 0.15 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். லேத் பட்டறை கணக்கில் சொன்னால் ஆறு தவ், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு. உங்கள் வண்டிக்கான சரியான அளவு மேனுவலில் இருக்கும். இன்டேக்குக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் தனித்தனி அளவு கொடுத்திருந்தால் எக்ஸாஸ்ட் அளவுதான் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். ஏன் என்பது அடுத்த பத்தியில் தெரியும்.

அந்த 0.15 எதற்கு

சூட்டில் உலோகம் நீளும் என்பது பள்ளிக்கூடப் பாடம். எவ்வளவு நீளும் என்று தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். வால்வின் நீளம் 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

1. எக்ஸாஸ்ட் வால்வின் அடிப்பகுதி 700 டிகிரி செல்சியஸ் வரைகூடப் போகும். ஆயில் படும் மேல் முனையில் அவ்வளவு சூடு இல்லை. மொத்த நீளத்துக்கும் சராசரியாக 200 டிகிரி ஏறுகிறது என்று கொண்டால், இரும்பு 0.24 மில்லிமீட்டர் நீளும்.
2. சிலிண்டர் ஹெட் அலுமினியம். கூலன்ட் இருப்பதால் அது 65 டிகிரி அளவுக்குத்தான் ஏறும். ஆனால் அதே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீளும். ஆகவே ஹெட் 0.15 மில்லிமீட்டர் வளர்ந்து, கேமையும் ராக்கரையும் தன்னோடு மேலே தூக்கிக்கொண்டு போகும்.
3. வால்வு 0.24 மேலே வருகிறது, ராக்கர் 0.15 மேலே போகிறது. நிகரமாக 0.09 மில்லிமீட்டர் கேப் குறைகிறது.
4. குளிரில் 0.15 விட்டிருந்தால் ஓட்டத்தில் 0.06 மிச்சம். வால்வு முழுதாக மூடும். சத்தம் போகட்டும் என்று குளிரில் 0.05 வைத்திருந்தால் மிச்சம் மைனஸில் போய்விடும். வால்வு மூடவே மூடாது.

எல்லாக் கெடுதலும் இந்த நான்காவது வரியில்தான் இருக்கிறது. நிறுத்தி வைத்த வண்டியில் கேப் இருப்பதுபோலத் தெரியும், கையால் ஆட்டினால் ராக்கர் ஆடும். முழு லோடில் எண்ணூர் ஹைரோடில் ஓடும்போது அந்தக் கேப் இருக்காது.

இங்கே ஒரு குழப்பமும் வரும். சூட்டில் கேப் குறைகிறது என்றால், மேனுவலில் குளிருக்கு 0.15, சூட்டுக்கு 0.25 என்று ஏன் கூட்டிப் போட்டிருக்கிறார்கள்? அச்சுப் பிழை என்று நினைத்துச் சிலர் சூட்டிலும் 0.15 வைத்துவிடுகிறார்கள். பிழை இல்லை. சூடான எஞ்சினை அளக்க அதை முதலில் நிறுத்த வேண்டும். நிறுத்திய சில நிமிடத்தில் வால்வு ஹெட்டின் சூட்டுக்கே இறங்கிவிடும். இப்போது இரண்டுமே 65 டிகிரிதான் ஏறியிருக்கின்றன. வால்வு நீண்டது 0.08, ஹெட் வளர்ந்தது 0.15. கேப் 0.07 கூடி 0.22 ஆகிறது, மேனுவல் சொல்லும் அளவுக்குப் பக்கத்தில். ஆக மேனுவலின் 'சூடு' என்பது ஓடி நின்ற எஞ்சினின் சூடு. அளவுகளைக் கலக்கக் கூடாது. வீட்டில் செய்பவர்களுக்குக் குளிர்ந்த அளவே போதும், கையும் சுடாது.

லூஸும் டைட்டும் ஒரே அளவு தப்பில்லை

கேப் கூடிப்போனால் ராக்கர் வால்வைத் தட்டித் திறக்கும். அதுதான் டிக் டிக் சத்தம். வால்வு கொஞ்சம் தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும், பவர் லேசாகக் குறையும், ராக்கர் முனையும் வால்வு தலையும் நாளாவட்டத்தில் தேயும். இதெல்லாம் மெதுவாக நடப்பவை, காது முன்கூட்டியே சொல்லிவிடும்.

கேப் குறைந்துபோனால் நடப்பது வேறு. எக்ஸாஸ்ட் வால்வுக்கு ஏறும் சூட்டில் முக்கால் பங்கு, அது மூடி உட்காரும் வால்வு சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. மீதி மட்டும் தண்டு வழியாக, அதைச் சுற்றியிருக்கும் கைடு என்கிற குழாய்க்குப் போகும். வால்வு சீட்டில் முழுதாக உட்காரவில்லை என்றால் சூடு இறங்க வழியில்லை. கூடவே எரிந்துகொண்டிருக்கும் வாயு அந்தச் சந்து வழியாகப் பீறிடும். பீறிடும் இடம் கருகும், சந்து அகலமாகும், இன்னும் கூடுதலாகப் பீறிடும். இதற்குச் சத்தம் கிடையாது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் வலு, போன பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

எனவே சந்தேகம் இருந்தால் அனுமதித்த அளவின் மேல் பக்கம் வைப்பதே என் தேர்வு. மேனுவல் 0.13 முதல் 0.17 வரை என்று சொன்னால், எக்ஸாஸ்ட்டுக்கு 0.17 வைத்துவிட்டு லேசான டிக் சத்தத்தோடு ஓட்டலாம். சத்தமே இல்லாத பழைய ராக்கர் எஞ்சினைக் கண்டால்தான் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) எடுத்துப் பார்க்க வேண்டும்.

கேப் தானாகவே ஏன் குறைகிறது

யாரும் கை வைக்காமலேயே கேப் மாறும். இரண்டு தேய்மானம் எதிரெதிராக வேலை செய்கின்றன. ராக்கர் முனை, கேம் மேடு, வால்வு தலை தேய்ந்தால் கேப் கூடும். வால்வும் சீட்டும் ஒன்றில் ஒன்று பதிந்து தேய்ந்தால் வால்வு மேலே ஏறி வரும், கேப் குறையும். இரண்டும் ஒரே வேகத்தில் நடந்தால் வருஷக்கணக்கில் சத்தம் மாறாது. சத்தத்தை மட்டும் வைத்துக் கணிக்க முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

சீட் தேய்மானத்தை முடுக்கிவிடுவது எரிபொருள். முன்பு பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான் என்று ஆனபோது, கடினமான சீட் இல்லாத பழைய அம்பாஸடர், பத்மினி ஹெட்டுகள் அந்தப் பாதுகாப்பை இழந்தன. எல்பிஜியும் சிஎன்ஜியும் ஒரு படி மேலே. அவை வாயுவாகவே உள்ளே போகின்றன. பெட்ரோல் துளிகள் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சியும் இல்லை, ஈரமும் இல்லை. காய்ந்த வால்வு காய்ந்த சீட்டில் நொடிக்கு 25 முறை அறைகிறது. கேஸ் கிட் மாட்டிய ஆம்னிக்கு டேப்பட் செக் பண்ணும் இடைவெளியைப் பெட்ரோல் வண்டிக்குச் சொன்னதில் பாதியாக்குவது நல்லது. கிட் மாட்டிக் கொடுக்கும் பல இடங்களில் இதை வாய் திறந்து சொல்வதில்லை என்பது வருத்தம்.

கிலோமீட்டரை மட்டும் நம்புவதிலும் சிக்கல் உண்டு. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் 10,000 கிலோமீட்டருக்கு எஞ்சின் 667 மணி நேரம் ஓடியிருக்கும். ஹைவேயில் 60இல் போயிருந்தால் 167 மணி நேரம்தான். மேனுவலில் இருக்கும் கிலோமீட்டரை வடசென்னை வண்டி அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்த எஞ்சினில் நாமே செய்யலாம்

ராக்கரில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருந்தால் செய்யலாம். மாருதி 800, ஆம்னி, அம்பாஸடர், பத்மினி, ஹோண்டா சிட்டியின் 1.5 ஐ-விடெக் எல்லாம் இந்த வகை.

மாருதியின் கே-சீரிஸ் எஞ்சின்களில் கேம் நேராகக் கிண்ணம் போன்ற டேப்பட்டை அழுத்தும், திருக ஸ்க்ரூ இல்லை. கேப்பை மாற்ற வேண்டுமானால் கேம் ஷாஃப்ட்டைக் கழற்றி வேறு கனமுள்ள கிண்ணம் போட வேண்டும். வாசலில் செய்யும் வேலை இல்லை. அளந்து மட்டும் பார்க்கலாம்.

ஸ்விஃப்ட் டீசலில் வந்த 1.3 மல்டிஜெட்டில் ஹைட்ராலிக் முறை. ஆயில் அழுத்தமே கேப்பைத் தானாகச் சரிசெய்துகொள்ளும். புல்லட் பைக் உருவான ஊர் என்பதால் திருவொற்றியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை: பழைய கேஸ்ட் அயர்ன் புல்லட்டில் புஷ்ராடைத் திருகி செட் பண்ணினார்கள், பின்னால் வந்த யூசிஇ (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில்) எஞ்சினில் ஹைட்ராலிக் ஆகி அந்த வேலையே இல்லாமல் போனது. இந்த வகையில் சத்தம் வந்தால் ஆயில் அளவையும் கிரேடையும் பார்க்க வேண்டும்.

டிக் சத்தம் எல்லாம் டேப்பட் சத்தமும் இல்லை. எம்பிஎஃப்ஐ வண்டியில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் டிக் அடிப்பது இயல்பு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங் லீக்கானாலும் இதே மாதிரி கேட்கும், எஞ்சின் சூடானதும் பெரும்பாலும் அடங்கிவிடும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை டேப்பட் கவரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் எங்கிருந்து வருகிறது என்று ஓரளவு பிடிபடும். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் தள்ளியே நிற்கவும்.

வெயிலும் புழுதியும்

'குளிர்ந்த எஞ்சின்' என்பதற்கு ஹோண்டா கொடுக்கும் வரையறை, ஹெட்டின் சூடு 38 டிகிரிக்குக் கீழ். மே மாதம் சென்னையில் மதிய வெயிலே 38ஐத் தாண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியானாலும் பதினோரு மணிக்குப் பானெட்டைத் தொட்டால் கை சுடும். ஆகவே விடிகாலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும்.

விடிகாலைக்கு இன்னொரு லாபமும் உண்டு. மதியத்தை ஒட்டிக் கடற்காற்று எழும். மூன்றடி சந்தில், பக்கத்து ரோட்டில் லாரி போகிற இடத்தில், திறந்து கிடக்கும் ஹெட்டுக்குள் மணல் விழுவதுதான் வீட்டு வேலையின் பெரிய ஆபத்து. ஒரு துளி மணல் ஆயிலோடு போய் கேம் பேரிங்கைக் கீறும். கவரைத் திறக்குமுன் சுற்றிலும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். வேலை செய்யாத பக்கத்தைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள். பஞ்சு வேஸ்ட் வேண்டாம், நூல் பிரிந்து உள்ளே தங்கிவிடும்.

செய்முறை: மூன்று சிலிண்டர் ராக்கர் எஞ்சினுக்கு

1. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், டயருக்குக் கல். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றவும்.

2. ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றவும். கம்ப்ரஷன் இல்லாததால் எஞ்சின் லேசாகச் சுற்றும். ஓட்டைகளைத் துணியால் அடைக்கவும். கழற்றிய ஒயர்களுக்கு நம்பர் எழுதி ஒட்டவும்.

3. டேப்பட் கவரைத் திறக்கவும். பேக்கிங் கிழிந்தால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்வதைவிட முதல் நாளே வாங்கி வைப்பது நல்லது.

4. எது இன்டேக், எது எக்ஸாஸ்ட் என்று மேனிஃபோல்டு வரும் பக்கத்தைப் பார்த்து உறுதி செய்து, சாக்பீஸால் குறித்துக்கொள்ளவும்.

5. கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றவும். பின்பக்கம் சுற்ற வேண்டாம், டைமிங் பெல்ட்டுக்கு நல்லதில்லை. புல்லியில் உள்ள குறி டைமிங் பெல்ட் கவரில் உள்ள குறியோடு சேரும்போது ஒன்றாம் பிஸ்டன் உச்சியில் இருக்கும்.

6. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இரண்டு சுற்றில் இரண்டு முறை பிஸ்டன் உச்சிக்கு வரும். நமக்கு வேண்டியது இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் உச்சி. ஒன்றாம் சிலிண்டரின் இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் ஆடினால் சரியான இடம். இறுக்கமாக நின்றால், எக்ஸாஸ்ட் மூடி இன்டேக் திறக்கும் இடத்தில் நிற்கிறது. இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றவும். கேப் ஏற்கெனவே சுத்தமாகப் போயிருந்தால் சரியான இடத்திலும் ராக்கர் ஆடாது. அப்போது கேமைப் பாருங்கள். மேடு ராக்கரை விட்டு விலகி நிற்க வேண்டும்.

7. எதையும் திருகுமுன் இருக்கிற கேப்பை அளந்து எழுதிக்கொள்ளவும். ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டால் இந்தத் தகவல் போய்விடும், எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லும் ஒரே தகவல் இது.

8. லாக் நட்டைத் தளர்த்தி, ஃபீலர் கேஜின் 0.15 தகட்டை நடுவில் நுழைத்து, தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு நகரும் வரை ஸ்க்ரூவைத் திருகவும். தகட்டை இழுத்தால் வர வேண்டும், தள்ளினால் மடங்காமல் போக வேண்டும். கேஜில் மில்லிமீட்டரும் அங்குலமும் இரண்டும் அச்சிட்டிருக்கும். .006 அங்குலமும் 0.15 மில்லிமீட்டரும்தான் ஒன்று. அதை 0.06 மில்லிமீட்டர் என்று படித்தால் வால்வு கருகிவிடும்.

9. ஸ்க்ரூ அசையாமல் ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டே லாக் நட்டை முறுக்கவும். முறுக்கும்போது ஸ்க்ரூ தன்னோடு ஒரு நூல் திரும்பும், கேப் குறையும். முறுக்கிய பின் மறுபடி அளக்கவும். 0.15 போய், 0.20 போகக் கூடாது. போனால் மறுபடியும் முதலிலிருந்து.

10. இந்த எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-2. அடுத்த சிலிண்டரின் கம்ப்ரஷன் உச்சி 240 டிகிரியில், அதாவது முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக, வரும். புல்லியை முன்கூட்டியே சாக்பீஸால் மூன்று சம பாகமாகக் குறித்து வைத்திருந்தால் இரண்டு பாகம் தள்ளினால் போதும். மூன்றாம் சிலிண்டர், பிறகு இன்னும் 240 தள்ளி இரண்டாம் சிலிண்டர். ஒவ்வொரு முறையும் கேம் மேடு விலகியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கேஜைத் தொடவும்.

11. எஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு ஆறு வால்வையும் திரும்ப அளக்கவும்.

12. கவரை மூடவும். மூலைகளில் மட்டும் அனபாண்ட் மாதிரி சிலிக்கான் பொட்டு வைத்தால் போதும். தாராளமாகப் பூசினால் உள்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து ஆயில் வழியை அடைக்கும். கவர் போல்ட்டையும் அளவுக்கு மீறி முறுக்க வேண்டாம், ஆயில் கசிவு அதனால்தான் கூடும்.

அம்பாஸடர் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கு வழி உண்டு. முன்னாலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை நம்பர் போடுங்கள். பழைய பெட்ரோல் எஞ்சினில் எந்த வால்வு முழுதாகத் திறந்து கீழே இருக்கிறதோ, அந்த நம்பரை ஒன்பதிலிருந்து கழித்தால் வரும் வால்வை செட் பண்ணலாம். 8 திறந்திருந்தால் 1, 3 திறந்திருந்தால் 6.

செட் பண்ணியும் சத்தம் வந்தால்

கேஜ் சரியாகக் காட்டுகிறது, ஸ்டார்ட் செய்தால் டிக் அடிக்கிறது. ராக்கரின் ஸ்க்ரூ முனை வால்வு தலை படும் இடத்தில் குழியாகத் தேய்ந்திருக்கலாம். தட்டையான கேஜ் அந்தக் குழியின் மேல் பாலம் போட்டு நின்றுவிடும். கேஜ் 0.15 சொல்லும், உண்மையான கேப் 0.25 இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் முனையில் பளபளப்பான வட்டக் குழி தெரியும். மருந்து புது ஸ்க்ரூ அல்லது ராக்கர். இன்னும் கொஞ்சம் டைட் வைத்துச் சத்தத்தை அடக்குவது மருந்தாகாது.

எழுதி வைத்த பழைய அளவுகளையும் பாருங்கள். ஆறும் சிறிதளவு கூடியிருந்தால் சாதாரணத் தேய்மானம். ஒரே ஒரு எக்ஸாஸ்ட்டில் மட்டும் கேப் காணாமல் போயிருந்தால் அந்த சீட் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. செட் பண்ணிவிட்டு 2,000 கிலோமீட்டரில் திரும்ப அளக்கவும். மறுபடியும் குறைந்திருந்தால் ஸ்க்ரூவால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து, மற்ற இரண்டு சிலிண்டரோடு ஒப்பிட்டுவிட்டு, ஹெட்டை இறக்கி வால்வு கிரைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டியதுதான். கேஸில் ஓடும் வண்டி என்றால் கடினமான சீட் போடச் சொல்லிக் கேளுங்கள்.